ஜெனரேட்டர் நிற்க இருபது நிமிடம்

கலேத்தா ஓந்தாவை நான் பார்த்ததில்லை.
சாலை கிடையாது. வாரம் ஒரு கப்பல்,
அதுவும் கடல் சம்மதித்தால்.
புன்டா அரேனாஸில், துணி காயும் கொடிக்குக் கீழே
மேசை போட்டு உட்கார்ந்து
அந்தத் தீவின் சுகாதார நிலையத்துக் கணினியை
நாலு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

ஓர் எழுத்தைத் தட்டுவேன்.
அது வானத்துக்கு ஏறி, இறங்கி,
தீவைத் தொட்டுவிட்டுத் திரும்பி
என் திரையில் வந்து உட்கார ஒரு மூச்சு ஆகும்.
சில இரவுகளில் இரண்டு மூச்சு.
அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஆகாது.
ஒரு சொல்லை முழுக்கப் பாராமல் அடித்துவிட்டுக்
கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

ஊரைப் பற்றிப் பதிவேடு சொல்லும்.
காலை எட்டுக்கு மின்சாரம் வரும், கணினி கண் விழிக்கும்.
எட்டேகாலுக்கு எதெல்மிரா உள்நுழைவாள்;
கடவுச்சொல்லை முதல் தடவை எப்போதும் தப்பாக அடிப்பாள்.
வன்தட்டின் சூடு ஒன்பது பாகைக்கு இறங்கினால்
விறகு நனைந்துவிட்டது என்று பொருள்.
நள்ளிரவில் ஜெனரேட்டர் நிற்கும்.
அதற்கு மேல் பதிவேட்டில் ஊர் இல்லை.

அன்றைக்கு பவுதிலியோ வார்காஸுக்கு நெஞ்சுவலி.
நண்டு பிடிக்கிறவர், வயது அறுபத்தொன்று.
அவர் இதயம் வரைந்த கோடுகள்
மருத்துவரைச் சேராமல் தீவிலேயே நின்றன.
ஃபயர்வால் எங்கோ மறித்தது.
பதினொன்று நாற்பது.
பழைய விதிகளைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.
முதல் வரி: எல்லோரையும் தடு.
இரண்டாம் வரி: என்னை மட்டும் விடு.
இரண்டுக்கும் நடுவே என்டர் தட்டிவிட்டேன்.

எல்லோரில் நானும் உண்டு.

பிங் அனுப்பினேன். போன தூது திரும்பவில்லை.
இன்னொன்று. இன்னொன்று.
நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டுகிறவனைக்
கதையில் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.
வாசலில் கை வைக்குமுன்
பத்து நிமிடத்தில் தானாக மறுதொடக்கம் ஆகும்படி
ஒரு கட்டளை போட்டுவை என்று
மேசையில் சீட்டு எழுதி ஒட்டியதும் நானே.
அதன் மேல் காபிக் கோப்பை.

கடற்படை வானொலியைக் கூப்பிட்டேன்.
அவர்கள் ஒரு படகைக் கூப்பிட்டார்கள்.
படகில் இருந்தவன் எதெல்மிராவின் மைத்துனனாம்;
கரையைப் பார்த்துக் கத்தினானோ, நீந்தினானோ.
பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அவள் குரல், கரகரவென்று:
"எந்தப் பொத்தான்?"
"கறுப்புப் பெட்டி. முன்பக்கம்."
"எல்லாமே கறுப்பு."
"பச்சை விளக்கு எரிவது."
"மஞ்சள்."
"அதேதான். அழுத்து. ஐந்து எண்ணு."
எண்ணினாள். வானொலிக்காரனும் கூடவே எண்ணினான்.
"இப்போது மறுபடியும், ஒரே ஒரு முறை."

தூது திரும்பியது.
என் விதிகளைச் சேமிக்கவில்லை, நல்லவேளை;
கணினி ஒன்றும் அறியாததுபோல் எழுந்திருந்தது.
வழி திறந்தேன், ஒழுங்கான வரிசையில்.
கோடுகள் போயின.
மருத்துவர் ரெபேக்கா மான்சீயா பார்த்துவிட்டு
மாத்திரை போதும், காலையில் இன்னொரு தாள் எடுங்கள் என்றார்.

திரையைப் பகிர்ந்து சரிபார்க்கும்போது
அம்புக்குறியை இடப்பக்கம் இழுத்தேன், வலப்பக்கம் போனது.
அங்கே ஒரு கை, இங்கே ஒரு கை.
நடுவில் நின்று அது நடுங்கியது.
விட்டேன். அவளும் விட்டிருப்பாள்.
பிறகு ஒரு வெள்ளைச் சன்னல் திறந்து,
என் விரல் படாமல் எழுத்துகள் வந்தன:

நீதானா

ஆம் என்றேன். ஒரு மூச்சு.

நாலு வருடமாவா

ஆம்.

இங்கே மழை, அங்

பன்னிரண்டு.

காலை எட்டு ஆறுக்குப் பதிவேடு தொடங்கியது.
அவள் எழுதியது எங்கும் இல்லை.
எட்டு பதினேழு: கடவுச்சொல் தவறு.
எட்டு பதினேழு: சரி.
ஒன்பதுக்கு ஒரு கோப்பு வெளியே போனது.
வார்காஸ், பவுதிலியோ. தாள் இரண்டு.
திறந்து பார்க்க எனக்கு உரிமை இல்லை, திறக்கவில்லை.
அளவை மட்டும் பார்த்தேன்:
நேற்றையதைவிடக் கொஞ்சம் பெரியது.
இதயம் நெடுநேரம் எழுதியிருக்கிறது போல.

இங்கே மழை இல்லை, எதெல்மிரா.
காற்றுதான். துணியெல்லாம் ஒரே பக்கம் பறக்கிறது.